அரிசி டிரம்மில் ஒரு மைக்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுக்கிக்கிடுங்க அண்ணாச்சி. ஆங், அவ்வளவுதான். பெட்டி உங்க முழங்காலைத் தொடுது, ஆனா இடிக்கல பாத்தீங்களா? இடிக்காது. இடிக்காத மாதிரிதான் செஞ்சிருக்கேன். கண்டக்டர் ஏசிட்டுப் போறான், போகட்டும். லக்கேஜ் டிக்கெட் கேட்டான், எடுத்தாச்சு. பொறவு என்ன பேச்சு? வழியில கெடக்குங்கான். எங்க கெடக்கு வழியில? ரெண்டு சீட்டுக்கு நடுவுல சிவனேன்னு கெடக்கு. அந்த எடத்துல வேற என்னத்த வைக்கப் போறான் அவன், தொட்டில் கட்டப் போறானா?

நான் தென்காசி. பால்வண்ணன் சவுண்ட் சர்வீஸ்னு பெட்டியில எழுதியிருக்கு பாருங்க, பெயிண்டு கொஞ்சம் உரிஞ்சிட்டு. பால்வண்ணன் நான்தான். சங்கரன்கோவிலுக்குப் போறேன். விசேஷ வீடு ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரி கோவிச்சிக்கிட்டுப் போயி மக வீட்டுல உக்காந்திருக்கா. சாரல் சமயத்துல போனவ, இப்ப சாரலும் முடிஞ்சு வெயிலும் வந்துட்டு. அவளைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். பொண்டாட்டியைக் கூப்பிடப் போறவனுக்கு மைக் செட்டு எதுக்குன்னு நெனைக்கீங்க. நெனைங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரனும் இதைத்தான் கேட்டான். சொல்லுதேன், கேளுங்க.

மொதல்ல இந்தப் பெட்டியைப் பாருங்க. மத்தவன் வச்சிருக்கானே ஆள் உசரத்துக்கு, பீரோ மாதிரி, அதை நகத்தணும்னா குட்டியானை வண்டி பிடிக்கணும். தூக்க எறக்கத் தடியனுவ வேணும். வாடகை வாங்குததைப் பூரா வண்டிக்காரனுக்கு அழுதுட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வருவானுவ. நான் கோட்டி இல்ல. நின்னுக்கிட்டிருந்த பஸ்ல ஏறி, படி வாசலை நூல் பிடிச்சு அளந்தேன். சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவுல அளந்தேன். அந்த நூலை ஆசாரிகிட்ட குடுத்து, இதுக்கு மேல ஒரு மயிரிழை போகப்படாதுவே, இதுக்குள்ள எனக்குச் சத்தம் வேணும்னேன். ஆசாரி சிரிச்சான். இதென்னவே, பஸ்ஸுக்குச் சட்டை தைக்கச் சொல்லுதீரான்னான். செஞ்சு குடுத்த பெறகு அவனே அசந்துட்டான். சடங்கு வீடு, கறி விருந்து, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் இந்தப் பெட்டிதான் போகுது. எல்லாத்துக்கும் பஸ்லதான் போகுது. சக்கரம் ஏன் வைக்கலன்னு கேப்பாங்க. சக்கரம் வச்சா, டிரைவர் ஒரு பிரேக் அடிச்சான்னா பெட்டி அவன் மடியில போயி உக்காந்திரும். இதெல்லாம் யோசிக்காம செய்வேனா?

இந்தா, சுரண்டை வந்துட்டு. ஏறுதவங்க ஏறட்டும். எம்மா, பெட்டி மேல கூடையை வைக்காதீங்க, மீன் தண்ணி எறங்கிரும். கீழ வைங்க. கீழ எடம் இல்லன்னா மடியில வைங்க. சவத்தைப் பாருங்க அண்ணாச்சி, நம்ம சாமான்னா எல்லாவனுக்கும் திண்டு மாதிரி தெரியுது.

எங்க விட்டேன்? ஆங், வீடு. எங்க வீடு வளவு வீடு. ஒரே நடையில வரிசையா வீடுங்க, நடுவுல முத்தம், முத்தத்துல அடிபம்பு. எனக்கு ஒரு ரூம்பு, ஒரு அடுக்களை. சாமான் வைக்க குடோன் பிடிக்கச் சொல்லி ஆளாளுக்குச் சொன்னாங்க. எதுக்குப் பிடிக்கணும்? வாடகை குடுத்து ஒரு வீடு இருக்கு, அதுக்குள்ள எடம் இருக்கு. எடம் இல்லங்கதெல்லாம் மூளை இல்லாதவன் பேச்சு. இந்தப் பெட்டி செய்யுததுக்கு முன்னால வச்சிருந்த பழைய பெரிய பெட்டி ரெண்டையும் குப்புறப் போட்டு மேல மெத்தையை விரிச்சேன். எங்க வீட்டுக் கட்டிலே அதுதான். அவளுக்கு அதுல படுத்தா மூலை குத்துதாம். அதனால அவளா அடுக்களையில அம்மிக்கும் அடுப்புக்கும் நடுவுல சுருண்டுக்கிடுவா. நான் போகச் சொல்லல, அவளாப் போனா. ஒயர் பூராவையும் சுத்தி அவ சீர் கொண்டுவந்த அண்டாவுக்குள்ள வச்சேன். அண்டா சும்மாதானே கெடந்துச்சு? ஆம்ப்ளிபயரை பீரோவுல அவ பட்டுச்சேலைக்கு நடுவுல சொருகுனேன். தூசி அண்டாது, எலி கடிக்காது. ஸ்டாண்டு எல்லாம் கதவுக்குப் பின்னால. கதவு பாதிதான் திறக்கும், ஒருச்சாஞ்சு வந்தா ஆள் தாராளமா வரலாம். அவ கூடப்பொறந்த அண்ணன் கொஞ்சம் கனத்த உடம்பு. அவரு வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிருவாரு. நல்ல மனுஷன், ஒரு வார்த்தை சொன்னதில்ல.

மக செண்பகத்துக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்குத்தானே கொண்டுவரணும், அதானே நம்ம பழக்கம். கொண்டுவந்தா எங்க படுக்கப் போடன்னு என்கிட்ட கேட்டா. கல்யாண சீசன் அது, சாமான் வெளியில போயிரும், ராத்திரிதான் திரும்பி வரும், பகல்ல படுத்துக்கிடட்டுமேன்னேன். கடைசியில மாப்பிள்ளை வீட்டுலயே பிரசவம் பாத்துக்கிட்டாவ. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, ஆம்பளப் பிள்ளை. இதுல எவனுக்கு என்ன நட்டம்னு கேக்கேன். இன்னைக்கு வரைக்கும் மக அதைச் சொல்லிக் காட்டுதா.

அவளும் லேசுப்பட்டவ இல்ல, தொழிலுக்கு ஒத்தாசையா இருந்தவதான். அதை மறைக்க மாட்டேன். பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் கெடையாதுல்லா? பக்கத்து ஊருல விசேஷம்னா ஆம்ப்ளிபயரை ஒரு துண்டுல சுத்தி அவ கையில குடுத்து டவுன் பஸ்ல ஏத்தி விட்டுருவேன். கைப்பிள்ளை மாதிரி மடியில வச்சுக்கிட்டு வருவா. பிள்ளைக்காரின்னு எந்திரிச்சு எடம் குடுப்பாங்க. அதுக்கு அவ, எந்திரிச்சு எடம் குடுத்துட்டு பிள்ளை மூஞ்சியைப் பாக்க வாராவன்னு அழுதா ஒருநாள். இதுக்குப் போயி அழுவாங்களா? நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

சரி, சாரலுக்கு வாரேன். எங்க ஊரு சாரல் உங்களுக்குத் தெரியும்ல. மழைன்னு சொல்ல முடியாது, வெயில்னும் சொல்ல முடியாது, மலையில இருந்து பொடிப்பொடியா எறங்கிக்கிட்டே கெடக்கும். ஊர்க்காரங்களுக்கு அது சந்தோஷம், சவுண்டு சர்வீஸ்காரனுக்கு எமன். ஈரம் ஏறுச்சுன்னா மைக் கரகரக்கும், ஆம்ப்ளிபயர் உள்ள பூத்துப் போயிரும். அதுக்கு என்ன செய்யணும்? மைக்கை அரிசிக்குள்ள புதைச்சு வைக்கணும். அரிசி ஈரத்தைக் குடிச்சிரும். ஆம்ப்ளிபயரை தெனமும் கொஞ்ச நேரம் போட்டு சூடு பண்ணணும். ரெண்டும் தவறாம செஞ்சேன். அதுல ஒரு மைக்குக்கு சுவிச்சு எப்பவோ போயிட்டு, நேரா ஜாயிண்டு அடிச்சு வச்சிருந்தேன். பின் சொருகுத எடமும் லூசு, கழட்டி மாட்டுனா சண்டித்தனம் பண்ணும். அதனால கழட்டுததே இல்ல. பீரோவுல இருந்து ஒயர் வரும், அப்படியே அடுக்களைக்குப் போயி அரிசி டிரம்முக்குள்ள எறங்கும். அவ அரிசி அளக்கும்போது மைக்கை ஒதுக்கிட்டு அளந்துக்கிடுவா. பழகிட்டா.

இன்னொண்ணு சொல்லணும். குழாய் ஸ்பீக்கரை எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி விட்டத்துல கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கேன். ஒண்ணு மட்டும் வாய் பெருசு, எதுக்குள்ளயும் சேராது. அதை ஜன்னல்ல சொருகிட்டேன். வாய் வெளிய, வால் உள்ள. வீட்டுக்குள்ள எடத்தையே அடைக்காது. ஜன்னல் அடைச்சுப் போச்சேங்காதீங்க. சாரல் காலத்துல ஜன்னலை எவன் திறக்கப் போறான்? அதுலயும் ஒயர் மாட்டினபடிதான் இருக்கும். மாட்டிக் கழட்ட நான் என்ன வேலையத்தவனா?

அன்னைக்குச் சாயங்காலம் ஆம்ப்ளிபயரைச் சூடு பண்ணப் போட்டுட்டு முத்தத்துல நின்னு பீடி குடிச்சுக்கிட்டிருந்தேன். வால்யூம் திருகு எப்பவும் கீழதான் இருக்கும், அன்னைக்கு மேல நின்னிருக்கு. எப்படி நின்னுச்சோ. அடிபம்புல பொம்பளைங்க தண்ணி அடிச்சிக்கிட்டிருந்தாவ. திடீர்னு நம்ம ஸ்பீக்கர் பேசுது. அவ குரல்! உள்ள அரிசி அளந்துக்கிட்டே தனக்குத்தானே பேசிக்கிட்டிருக்கா, அது பூராவும் முத்தத்துல வந்து விழுது. அவளுக்குத் தெரியாது. குழாய் ஸ்பீக்கர் முன்னால நிக்குதவனுக்குத்தான் பேசும், பின்னால இருக்கவனுக்கு ஒண்ணும் கேக்காது. அதுலயும் மேல தகரத்துல சாரல் விழுத சத்தம்.

அண்ணாச்சி, நான் சொன்னா நம்பணும். அப்படி ஒரு சவுண்டு என் தொழில்ல நான் கேட்டதில்ல. ஊளை கெடையாது, இரைச்சல் கெடையாது. மைக் உள்ள, ஸ்பீக்கர் வெளிய, நடுவுல செவுரு. சுத்தி அரிசி, எதிரொலிக்கே வழி இல்ல. அவ மூச்சு விடுதது கூட தனியாக் கேக்குது. கல்யாண மண்டபத்துல எவ்வளவு பாடுபட்டாலும் அப்படி அமையாது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பீடியைக் கீழ போட்டுட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். கண்ணைத் திறந்து பாத்தா, பொம்பளைங்க தண்ணி அடிக்குததை விட்டுட்டு நிக்காவ. பால்வாடி டீச்சர் ஜெயராணி, பக்கத்து வீடு, சேலைத் தலைப்பை வாயில வச்சிக்கிட்டு நிக்கா. நான் அங்க இருந்தே கையைக் காட்டி, எப்படி இருக்கு டீச்சர், சும்மா மணி மாதிரி இல்லன்னு கேட்டேன். டீச்சர் என்னைப் பாத்த பார்வை இருக்கே! குடத்தை அங்கனயே போட்டுட்டு வீட்டுக்குள்ள போயிட்டா.

என்ன பேசுனாளா? அதைத்தானே எல்லாரும் கேக்கீங்க. நான் சவுண்டு பாத்துக்கிட்டிருந்தேன் அண்ணாச்சி. சமையக்காரன் பந்தியில உக்காந்தாலும் உப்பைத்தானே பாப்பான்? நமக்கு அது பழக்கம். எத்தனை கூட்டத்துக்குப் போட்டிருக்கேன், எவன் என்ன பேசுனான்னு கேளுங்க, ஒண்ணும் தெரியாது. எவன் குரல் எப்படின்னு கேளுங்க, சொல்லுதேன். அங்கங்க வார்த்தை ஞாபகம் இருக்கு. ‘செத்தா’ன்னு ஒண்ணு சொன்னா, அதுல ‘செ’ லேசா சீறுச்சு, அதை மட்டும் கொறைக்கணும்னு நெனச்சேன். ‘கெடத்த’ன்னு ஒண்ணு, அது நல்லா கனமா விழுந்துச்சு. ‘எடம்’னு முடிச்சா, அந்த ‘ம்’ அப்படியே நின்னு கரைஞ்சுது. அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்கு ஞாபகம் இல்ல.

உள்ள ஓடிப்போயி அவகிட்ட சொன்னேன். ஏளா, உன் குரல் முத்தம் பூரா கேட்டுது, என்னா சுத்தம், இனிமே டெஸ்டிங்குக்கு உன்னையே கூட்டிட்டுப் போறேன்னேன். நெசமா சந்தோஷத்துலதான் சொன்னேன். உழக்கை அரிசி மேல வச்சா. வெளிய கேட்டுதான்னா. எல்லாருக்கும் கேட்டுதுன்னேன். உங்களுக்கும் கேட்டுதான்னா. எனக்குக் கேக்காமலா, மூச்சு வரைக்கும் கேட்டுச்சுன்னேன். கேட்டுட்டுமா இப்படி நிக்கீங்கன்னா. பொறவு சோறு ஆக்குனா, போட்டா, தின்னேன். காலையில எந்திரிச்சுப் பாக்கேன், ஒரு கட்டைப்பையைக் கையில எடுத்துக்கிட்டு ஒருச்சாஞ்சு கதவு வழியா போறா. பட்டுச்சேலை ஒண்ணு கூட எடுக்கல. ஆம்ப்ளிபயர் மேல வச்சது வச்சபடியே இருக்கு.

நான் விடுவேனா? வளவுல வீடு வீடாப் போயிக் கேட்டேன். என் பொண்டாட்டி என்ன பேசுனா, சொல்லுங்கன்னேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல. அவளையே கேளுங்கங்கா ஜெயராணி டீச்சர். கடைசி வீட்டு டெய்லர் அய்யாத்துரை, நம்ம கூட்டாளி, அவன் சொல்லுதான், ஒமக்குக் காது எதுக்குவே இருக்குன்னு. காது எதுக்கு இருக்கா? இந்தக் காதாலதானே சோறு திங்கேன்! ஊர் பேச்சைப் பூரா ஸ்பீக்கர்ல தூக்கித் தூக்கி எறிஞ்சவன் நான், ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொல்ல ஒருத்தனுக்கு மனசு வரல. என் வீட்டு மைக், என் ஸ்பீக்கர், என் பொண்டாட்டி. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

போன் போட்டா எடுக்க மாட்டுக்கா. மக எடுத்தா. ‘அப்பா, அந்தச் சாமானெல்லாம் இருக்க வீட்டுக்கு அம்மா வரமாட்டாளாம்’ன்னா. ‘சரி, சாமானை எங்க கொண்டுபோயி வைக்க, நீயே ஒரு வழி சொல்லு’ன்னேன். ‘எனக்குத் தெரியாதுப்பா, அம்மாவை வைக்க ஒரு எடம் பாருங்க’ன்னுட்டு வச்சிட்டா. பிள்ளையா வளத்தேன்! அவ படிச்சது இந்தப் பெட்டி சம்பாத்தியத்துல. கட்டிக் குடுத்தது இந்தப் பெட்டி சம்பாத்தியத்துல. இப்ப பெட்டி கசக்குது. விக்கவா? விக்க மாட்டேன். எவன் சொன்னாலும் விக்க மாட்டேன், அவ சொன்னாலும் விக்க மாட்டேன். பெட்டியை வித்துட்டு நான் யாரு?

வீரசிகாமணி வந்துட்டா? அப்போ இன்னும் கொஞ்ச நேரந்தான். ஏன் அண்ணாச்சி ஒரு மாதிரி முழிக்கீங்க? ‘செத்தா’, ‘கெடத்த’, ‘எடம்’... உங்களுக்கும் வெளங்கிட்டா? சொல்லாதீங்க! அய்யா, கும்புடுதேன், சொல்லாதீங்க. நானும் ஒண்ணும் மரக்கட்டை இல்ல. இந்த ரெண்டு மாசமா அந்தக் கட்டில்ல மல்லாந்து படுத்துக்கிட்டு அந்த மூணு வார்த்தையையும் சேத்துச் சேத்துப் பாத்தவன்தான். எப்படிச் சேத்தாலும் எனக்குப் பிடிக்கல. ராத்திரி எந்திரிச்சு அடுக்களையில அவ படுக்குத எடத்துல நானும் படுத்துப் பாத்தேன். காலை நீட்ட முடியல. அவ என்னைவிடக் குட்டை, அவளுக்குச் சரியா இருக்கும். இருக்கும்தானே?

அதை விடுங்க. அவ சொன்னதை இன்னொருத்தர் வாயால கேக்க மாட்டேன். அய்யாத்துரை சொல்ல வேண்டாம், டீச்சர் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம். அவ சொல்லணும், நான் கேக்கணும். அதுக்குத்தான் மைக். சும்மா போயி உக்காந்து கேட்டா சொல்லுவாளா? இத்தனை வருசம் என் முன்னால வாயைத் திறக்காதவ. அரிசி டிரம்முகிட்டதான் சொல்லுவா. அதனால மக வீட்டு முன்னால தெருவுல செட்டைப் போடப் போறேன். மைக்கை உள்ள குடுத்துருவேன். வெளிய நின்னுக்கிடுவேன். சொல்லுளா, ஊருக்கே கேக்கட்டும், எனக்கு வெக்கம் இல்லன்னு நிப்பேன். ட்ரெபிள் பாக்க மாட்டேன், பாஸ் பாக்க மாட்டேன். திருகைத் தொடவே மாட்டேன். என்ன சொல்லுதாளோ அதைக் கேப்பேன்.

வரமாட்டா, மைக்கைத் தொடமாட்டாங்கீங்களா? சரி. தொடலன்னா நான் பேசுவேன். ஏன், நான் பேசக்கூடாதா? என் மைக்தானே? ஹலோ மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ. இதுதான் அண்ணாச்சி, இத்தனை வருசத்துல நான் மைக்குல பேசுனது. இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசுனதில்ல. டெஸ்டிங் முடிஞ்சதும் மைக்கை எவன் கையிலயாவது குடுத்துட்டுப் பின்னால போயிருவேன். அவளை எப்படிக் கூப்பிடன்னு நேத்துதான் யோசிச்சேன். வீட்டுல ‘ஏளா’ம்பேன், அவ ‘என்னங்க’ம்பா, ஓடிட்டு இவ்வளவு காலம். தெருவுல மைக் வச்சு ‘ஏளா’ன்னு கூப்பிட்டா, இருக்க பொம்பளை அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாவ. அவ ஒருத்தி மட்டும் திரும்ப மாட்டா. பேர் சொல்லணும். கல்யாணப் பத்திரிகையில பாத்தது, பொறவு ரேஷன் கார்டுல பாத்தது. என் வாயால ஒருக்காலும் சொன்னதில்ல.

சிரிக்காதீங்க. சொல்லிப் பழகாம போயி மைக் முன்னால நின்னா நாக்கு ஒட்டிக்கிடும், எத்தனை பேச்சாளனை அப்படிப் பாத்திருக்கேன். இந்தா, வண்டி ஊருக்குள்ள திரும்புது. எறங்கணும். பெட்டியைப் பிடிக்க வேண்டாம் அண்ணாச்சி, நான் தூக்கிக்கிடுவேன். கொஞ்சம் வழி மட்டும் விடுங்க.

உலகம்மா.

உலகம்மா!

என்ன எல்லாரும் திரும்பிப் பாக்கீங்க? எம் பொண்டாட்டி பேரு.